மரவீட்டுக்குள் வந்த கல்வீட்டுப் பழக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவுக்குப் புதிதாக வருவோருக்கும், பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் வந்து குளிர்காலத்துக்கும் தங்கிவிடும் அம்மா அப்பாமாருக்கும் ஆலோசனை சொல்லும் கட்டுரைகள் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவருக்கு எவ்வளவு ரிப்ஸ் (அன்பளிப்புக் காசு) வைப்பது, தெருவில் முன்பின் தெரியாதவர் சுகம் கேட்டால் முழங்கால் நோவைச் சொல்லலாமா, ஒன்ராறியோவில் விலைச்சீட்டில் இருப்பதற்கு மேல் 13 சதவீத வரி ஏன் காசாளரிடம் போனபிறகு ஏறுகிறது என்றெல்லாம் எழுதியாகிவிட்டது. இவை ஒரு மாதத்தில் பழகிவிடும். வருடக்கணக்காக இழுபடுவது வீட்டோடு உள்ள பிணக்குத்தான். அதைப் பற்றி யாரும் எழுதுவதாகக் காணோம்.

இங்குள்ள சாதாரண வீடு மரச்சட்டத்தில் நிற்பது. குளிர் புகாதபடி இறுக்கி மூடப்பட்டது. நாங்கள் வளர்ந்தது கல்வீட்டில். சீமெந்து நிலத்தில் வாளியால் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம், புகை ஓட்டு இடுக்கால் தன்பாட்டில் போனது, சுவரில் எங்கே வேண்டுமானாலும் ஆணி அடித்தோம். வட அமெரிக்க வீட்டில் விசித்திரமாகத் தெரிபவற்றில் பெரும்பங்கு இந்த வித்தியாசத்தால் வருவது.

முதலில் சுவர். தட்டினால் டொக் டொக் என்று கேட்பது வெற்றிடம். உள்ளே நிற்கும் மரத்துக்கு 'இரண்டுக்கு நாலு' என்று பெயர். அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். ஈரமரத்தை அறுத்து, உலர்த்தி, சீவிய பிறகு மிஞ்சும் அளவு அது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. இந்த மரங்கள் பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் நிற்கும். அவற்றின் மேல் அரை அங்குலத் தடிப்பில் ஜிப்சம் பலகை. படமொன்றைக் கொழுவ அந்தப் பலகை தாங்கும். சுவாமித் தட்டையோ பாத்திர அலுமாரியையோ அதில் மட்டும் பூட்டினால், ஒருநாள் பலகையையும் பிய்த்துக்கொண்டு விழும். மரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கருவி வாங்கத் தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றைச் சுவரில் மெல்ல இழுத்துப் பாருங்கள். பலகையை மரத்தோடு பூட்டிய திருகாணி வரும் இடத்தில் பிடிக்கும். அங்கிருந்து 16 அங்குலம் அளந்தால் அடுத்த மரம். ஊஞ்சல் கொளுக்கி கூரையின் குறுக்குமரத்துக்குள் போகவேண்டும். அம்மியும் உரலும் பேஸ்மென்றில் சீமெந்து நிலத்தில் இருக்கட்டும். மேல்தளத்தில் இடித்தால் மரம் முழுவதும் அதிர்ந்து, கீழே படுத்திருப்பவர் எழும்பிவிடுவார்.

குளியலறையிலும் இதே கதைதான். நிலத்தில் தண்ணீர் போக வழி இல்லையே என்று குறைப்படுவோர் பலர். தரை ஓட்டுக்குக் கீழே இருப்பது ஒட்டுப்பலகை, அதற்குக் கீழே கீழ்வீட்டுக் கூரை. வெளியே சிந்தும் தண்ணீர் ஓட்டு இடுக்கால் இறங்கிப் பலகையை ஊறவைக்கும். சில மாதங்களில் கீழ்த்தளக் கூரையில் மஞ்சள் வட்டம் தெரியும். வாளியில் குளிப்பவர் தொட்டிக்குள் ஒரு பிளாஸ்ரிக் முக்காலி வைத்து அதில் இருந்து குளிக்கலாம். திரைச்சீலையின் கீழ்நுனி தொட்டிக்கு உள்ளே தொங்கவேண்டும். தரையைத் துடைக்கத்தான் வேண்டும், கழுவக்கூடாது.

கழிவறையில் கைத்தெளிப்பான் பூட்டுவது இப்போது எங்கள் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நல்லதே. கழிவறையின் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றி, இடையில் ஒரு மும்முனை வால்வைப் பூட்டி, அதிலிருந்து தெளிப்பானுக்கு நெளிகுழாய் எடுப்பார்கள். பிழை நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, பிளாஸ்ரிக் புரியை ஸ்பனரால் இறுக்கி வெடிக்கவைப்பது. கையால் இறுக்கி, பிறகு கால்சுற்று போதும். மற்றது, மும்முனை வால்வை மூடாமல் கைவிசையை மட்டும் விட்டுவிட்டு வருவது. அப்படி விட்டால் அந்த மெல்லிய குழாய் இரவும் பகலும் நகரக் குழாயின் முழு அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டிருக்கும். அது வெடிப்பது பெரும்பாலும் ஆட்கள் இல்லாத நேரத்தில். ஒவ்வொரு முறையும் வால்வை மூடுங்கள். பின்னோட்டத் தடுப்பு உள்ள தெளிப்பானைக் கேட்டு வாங்குங்கள். அழுக்குத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பி உறிஞ்சப்படாமல் இருக்க அது வேண்டும்.

இனிக் குசினி. அதிகம் சண்டை நடக்கும் இடமும் இதுதான்.

கடுகு வெடித்து, செத்தல் மிளகாய் கருகத் தொடங்கியதும் புகை அலாரம் கத்தும். உடனே கதிரையில் ஏறி பற்றரியைக் கழற்றிவிடுவது பல வீடுகளில் பழக்கம். ஒன்ராறியோவில் வீட்டின் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் வேலை செய்யும் புகை அலாரம் இருக்கவேண்டும் என்பது சட்டம். அதை முடக்கிவைப்பது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், மரவீடு பற்றினால் வெளியே ஓடக் கிடைப்பது சில நிமிடங்களே. ஆகவே அலாரத்தை விட்டுவிட்டுப் புகையைத்தான் பார்க்கவேண்டும்.

அலாரங்களில் இரண்டு வகை பரவலாக உண்டு. அயனாக்க வகை, எண்ணெய் காயும்போது எழும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளுக்கே கத்தும். ஒளிமின் வகை, கண்ணுக்குத் தெரியும் தடித்த புகைக்குத்தான் முதலில் விழிக்கும். குசினிக்குக் கிட்ட உள்ளது ஒளிமின் வகையாக இருந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். பெட்டியின் மேல் எந்த வகை என்று எழுதியிருக்கும். அடுப்பிலிருந்து 10 அடியாவது தள்ளியிருப்பது நல்லது. அலாரத்தின் நடுவில் உள்ள பொத்தானை அமுக்கினால் பல மாதிரிகளில் சில நிமிடம் வாயை மூடியிருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்று மட்டும் சத்தமிட்டால் அது புகையல்ல, பற்றரி முடிகிறது. பின்புறத்தில் உற்பத்தித் திகதி அச்சிட்டிருக்கும். 10 வருடமானால் முழுதாக மாற்றிவிடுங்கள்.

அடுப்புக்கு மேல் உள்ள விசிறி புகையை எங்கே அனுப்புகிறது என்று முதலில் பாருங்கள். விசிறியைப் போட்டுவிட்டு அடுப்புக்கு முன்னால் நில்லுங்கள். நெற்றியில் காற்றடித்தால் அது வெளியே அனுப்புவதில்லை. எண்ணெயையும் கொஞ்சம் மணத்தையும் வடித்துவிட்டு, அதே காற்றை அறைக்கே திருப்பி விடுகிறது. அடுப்புக்கு மேல் பூட்டிய மைக்ரோவேவ்களில் பல இப்படித்தான். அதன் கரிப் பில்ரரைக் கழுவ முடியாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றவேண்டும். அலுமினிய வலையைக் கழற்றிச் சுடுதண்ணீரில் சவர்க்காரமும் அப்பச்சோடாவும் போட்டு மாதம் ஒருமுறை ஊறவைத்துக் கழுவுங்கள். வலை அடைத்தால் எந்த விசிறியும் வெறும் சத்தம்தான். வெளியே அனுப்பும் விசிறியானாலும் ஒரு சூட்சுமம் உண்டு. வீடு இறுக்கி மூடியிருப்பதால், வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழியில்லாவிட்டால் விசிறி இழுக்காது. ஜன்னல் ஒன்றை இரண்டு அங்குலம் திறந்துவிடுங்கள். தாளிப்பதைப் பின் அடுப்பில் செய்யுங்கள். முன் அடுப்புப் புகை விசிறிக்குக் கீழே நிற்காமல் உங்கள் முகத்துக்கு வரும். எண்ணெய் காய முன்னரே விசிறியைப் போட்டு, சமைத்து முடிந்தும் ஒரு கால்மணி நேரம் ஓடவிடுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. குசினியில் புகை சூழ்ந்தால் ஜன்னலைத் திறவுங்கள், பொது நடைபாதைக் கதவை மட்டும் திறக்காதீர்கள். உங்கள் வீட்டு அலாரம் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள் மட்டும் ஒலிக்கும். நடைபாதையில் உள்ளது முழுக் கட்டடத்தோடும் தொடுத்தது. உங்கள் மிளகாய்ப் புகை அதைத் தொட்டால் இருபது மாடியும் படியிறங்கும், தீயணைப்பு வண்டியும் வரும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கும் இதுவே விதி.

தூள் வறுப்பதற்கு இந்த வீடுகள் ஏற்றவையல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோடையில் வளவுக்குள் காஸ் அடுப்பு வைத்து வறுக்கலாம், அல்லது கடையில் வறுத்து அரைத்ததை வாங்கலாம். அந்த அடுப்பைக் குளிருக்குப் பயந்து கராஜுக்குள் கொண்டுபோகாதீர்கள், கதவைத் திறந்து வைத்தாலும் வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. கராஜிலிருந்து வீட்டுக்குள் வரக் கதவிடுக்குப் போதும்.

கண்ணாடித் தட்டு மின்னடுப்பைப் பற்றிச் சுருக்கமாக: அடி வளைந்த தாச்சி அதில் சூடேறாது, தட்டையான அடி வேண்டும். நிற்பாட்டிய பிறகும் சூடு பல நிமிடம் நிற்கும். பால் பொங்கும்போது விசையைத் திருகிப் பயனில்லை, பாத்திரத்தை நகர்த்தவேண்டும்.

மின்சாரத்தில் ஊருக்கும் இங்கேக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். அதன் விளைவுதான் சரியாகத் தெரிவதில்லை. ஊரில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். இங்கே சுவர்ப் பிளக்கில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். ஊரிலிருந்து கொண்டுவந்த சோறு சமைக்கும் குக்கரை இங்கே செருகினால் வெடிக்காது, ஆனால் வெப்பம் கால்வாசியைச் சற்றே தாண்டும்; அரிசி ஊறுமே தவிர வேகாது. மிக்ஸி மெல்லச் சுற்றும். உளுந்தைப் போட்டால் திணறும், சூடேறி மணக்கும். மறுவளமாக, இங்கத்தைய 120 வோல்ற் சாமானை ஊருக்குக் கொண்டுபோய்ச் செருகினால் கண்முன்னே புகைந்துவிடும். தொலைபேசி, மடிக்கணினிச் சார்ஜர்களுக்குப் பயமில்லை. 100 முதல் 240 வரை என்று அவற்றில் பொறித்திருக்கும்.

மின்மாற்றி வாங்கினால் எல்லாம் சரி என்பது அரை உண்மை. மிக்ஸியின் மோட்டார் கரித்தூரிகை உள்ளது, அதற்கு வோல்ற் சரியாக இருந்தால் போதும், ஹேர்ட்ஸைப் பற்றிக் கவலையில்லை. 750 வாற் மிக்ஸிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு தாங்கும் மின்மாற்றி வேண்டும். தொடங்கும்போது இழுப்பு அதிகம். மாவரைக்கும் கல் கிரைண்டரின் மோட்டார் வேறு இனம். அதன் வேகம் ஹேர்ட்ஸைப் பிடித்தே ஓடும். 50 ஹேர்ட்ஸுக்குச் செய்ததை 60-இல் ஓட்டினால், மின்மாற்றி வோல்ற்றைச் சரிசெய்தாலும் கல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். மா தெறிக்கும், கூடச் சூடேறும். இந்தியக் கம்பனிகள் வட அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் மாதிரிகளைச் செய்து விற்கின்றன; விமானத்தில் கல்லைச் சுமப்பதை விட இங்கே வாங்குவது மலிவு.

சாதாரணச் சுற்று ஒன்றில் 15 அம்பியர், அதாவது 1,800 வாற் மட்டும். தண்ணீர் கொதிக்கும் கேத்தில் 1,500 வாற், மைக்ரோவேவும் ஏறக்குறைய அவ்வளவு இழுக்கும். இரண்டும் ஒரே சுற்றில் இருந்தால் பிறேக்கர் விழும். பழைய கனடிய வீடுகளில் குசினி மேடைப் பிளக் பலவற்றில் மேல்பாதி ஒரு சுற்று, கீழ்பாதி வேறு சுற்று. கேத்திலை மேலும் மற்றதைக் கீழும் செருகினால் பிரச்சினை தீர்ந்தது. விழுந்த பிறேக்கர் நடுவில் நிற்கும். அதை நேரே மேலே தள்ளினால் பிடிக்காது. முதலில் முழுதாக நிற்பாட்டும் பக்கம் தள்ளி, பிறகு போடவேண்டும். திரும்பத் திரும்ப விழுந்தால் மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

சிங்கிலிருந்து ஒன்றரை மீற்றருக்குள் உள்ள பிளக்குகளின் நடுவில் இரண்டு சின்னப் பொத்தான்கள் இருக்கும். 5 மில்லி அம்பியர் அளவு மின்சாரம் உடம்பாலோ தண்ணீராலோ கசிந்தாலே அது துண்டித்துவிடும். ஈரக்கையோடு நிற்பவரின் உயிரைக் காப்பது அதுதான். ஆனால் ஒரு பொத்தான் பிளக் வேறு பல பிளக்குகளையும் காவல் காக்கலாம். குளியலறைப் பிளக் செத்துவிட்டது என்று புதிதாக வாங்கப் போகுமுன், பேஸ்மென்றிலும் கராஜிலும் எங்காவது பொத்தான் வெளியே வந்து நிற்கிறதா என்று பாருங்கள். இருப்பறையில் கூரை விளக்கே இல்லாமல் சுவரில் ஒரு சுவிச் மட்டும் இருந்தால், அது பிளக் ஒன்றின் அரைவாசிக்கு உரியது, நிலைவிளக்கைச் செருகத்தான். சுவிச்சை இங்கே மேலே தள்ளினால் எரியும், ஊரில் கீழே. இதற்குக் கை பழகவேண்டும், வேறு வழியில்லை.

குளிர்காலத்தில் உதடு வெடிப்பதற்கும் கதவுப்பிடியில் ஷொக் அடிப்பதற்கும் காரணம் ஒன்றே. -10 பாகைக் காற்றை 21 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 12 சதவீதத்துக்கு இறங்கும். ஈரப்பதமூட்டியை 30 முதல் 40 சதவீதம் வரை வைக்கலாம். வெளியே -20-க்குப் போனால் 30-க்கு மேல் வேண்டாம். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிந்து, சட்டத்தின் மரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தை மாதத்தில் ஒரு சுமை உடுப்பை உள்ளே காயவிடுவது வீட்டுக்கு நன்மையே. டிறையரைத்தான் பாவிப்பீர்கள் என்றால், பஞ்சு வலையை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். வெளியே போகும் நாலு அங்குலக் குழாயில் பஞ்சு அடைத்தால் உடுப்புக் காயாது, தீயும் பிடிக்கும்.

இதே குளிரில் தோசை மா புளிப்பதில்லை என்று முறையிடுவோருக்கு: மாவுக்கு வேண்டியது 28, 30 பாகை. கனடா காலநிலையை 1975 சித்திரையிலிருந்து செல்சியஸில் சொல்கிறது, 'அவன்' (oven) என்னும் சுடும் அடுப்பு மட்டும் இன்னும் பரனைற்றில். அதன் ஆகக்குறைந்த 170 என்பது 77 செல்சியஸ். அதில் வைத்தால் மா அவிந்துவிடும். அவனைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, மாப்பாத்திரத்தை மூடி உள்ளே வையுங்கள். இரவு வைத்தால் விடியப் பொங்கியிருக்கும். பாத்திரத்துக்குக் கீழே தட்டொன்று இருக்கட்டும். விசையில் ஒரு துண்டுக் கடதாசியும் ஒட்டிவிடுங்கள், பிள்ளைகள் பீற்சா சுட அவனைப் போட்டுவிடுவார்கள்.

மீன்குழம்பு மணம் மேல்மாடி அலுமாரியில் தொங்கும் கோட்டில் ஏறுவது எப்படி என்று பலர் வியப்பதுண்டு. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ், அறைகளில் உள்ள காற்றை உறிஞ்சிச் சூடாக்கி எல்லா அறைக்கும் திருப்பி அனுப்புகிறது. குசினிக் காற்றும் அதில் அடக்கம். தாளிக்கும்போது தேர்மோஸ்டாற்றில் விசிறி எப்போதும் ஓடும் நிலையில் இருந்தால் தானியங்கிக்கு மாற்றுங்கள், படுக்கையறை அலுமாரிக் கதவுகளைச் சாத்துங்கள். பில்ரரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள், எங்கள் சமையலுக்கு இரண்டு என்றால் நல்லது. விளிம்பில் உள்ள அம்புக்குறி ஃபேர்னஸைப் பார்த்திருக்கவேண்டும். தரையில் காற்று வரும் துவாரத்தின் மேல் சோபாவை இழுத்துவிட்டு அறை குளிர்கிறது என்று சொல்பவர்களும் உண்டு.

கடைசியாக, வளவுக்குத் தண்ணீர் விடும் வெளிக்குழாய். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் அளவு பருக்கும். செப்புக்குழாய் அதைத் தாங்காது. முதல் உறைபனிக்கு முன் நெளிகுழாயைக் கழற்றுங்கள். பேஸ்மென்றில் அந்தக் குழாயின் உள்வால்வைத் தேடி மூடுங்கள். வெளியே போய்க் குழாயைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு, திறந்தபடியே விடுங்கள். உள்வால்வின் பக்கத்தில் சிறு மூடி இருந்தால், கீழே வாளி பிடித்து அதைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்து, பிறகு மூடியை இறுக்குங்கள். உறையாத வகைக் குழாய் என்று சொல்லி விற்பதிலும் நெளிகுழாயைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றாவிட்டால் தண்ணீர் வடியாமல் உள்ளேயே நிற்கும். குழாய் வெடிப்பது தை மாதத்தில், தெரியவருவது சித்திரையில்; பூச்செடிக்குத் தண்ணீர் விடத் திறக்கும்போது சுவருக்குள்ளே பீறிட்டு பேஸ்மென்றை நிறைக்கும்.

இக்கடிதம் நீண்டுவிட்டது, வெட்டவேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள். வெளிக்குழாய்ப் பகுதியை மட்டுமாவது ஐப்பசிக்குள் போட்டுவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்
ஸ்காபரோ